மோசமான சீரியலுக்கு மனதார ஒரு விருது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறு வருடம் ஒரே நெடுந்தொடரைப் பார்த்தேன். ஒவ்வொரு வருடக் கடைசியிலும் அதற்கு நானே விருதுகள் கொடுத்தேன். தொடர் மோசமானது, எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டும் உண்மை. விஷயம் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். நீங்களும் உங்கள் சீரியலுக்கு இப்படிச் செய்யலாம். தொடரின் பெயரை மட்டும் சொல்லப் போவதில்லை. அதில் உழைத்தவர்கள் தேடும்போது ‘மோசம்’ என்ற சொல் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டாம்.

இது என்ன விருது? யார் கொடுப்பது?

நான் கொடுப்பதுதான். மேடையும் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. ஒரு நோட்டு, ஒரு பேனா, வருடம் முழுக்க எடுத்த குறிப்புகள், அவ்வளவுதான். வருடக் கடைசியில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, எந்தக் காட்சிக்கு என்ன விருது என்று முடிவு செய்து, அட்டையில் சான்றிதழ் எழுதுவேன். தொடரைப் பார்க்கும் இன்னும் இரண்டு பேர் பக்கத்தில் இருந்தால் அது விழாவே ஆகிவிடும்.

மோசம் என்கிறீர்கள். அப்புறம் ஏன் பார்க்கிறீர்கள்?

மோசம் என்று நான் சொல்வது கதைப் பின்னலையும் அவசரத்தையும்தான். வேலை செய்தவர்களை அல்ல. இந்த வடிவம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் இது புரியும்.

1930களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத்தில் 15 நிமிடத் தொடர்கள் வந்தன. அவற்றுக்குப் பணம் போட்டவர்களில் சோப்பும் சலவைத்தூளும் விற்ற நிறுவனங்கள் முக்கியமானவை. ‘சோப் ஓபரா’ என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. இர்னா ஃபிலிப்ஸ் என்ற எழுத்தாளர் 1930ல் சிகாகோ வானொலிக்கு எழுதிய தொடரைத்தான் பலரும் முதல் சோப் ஓபரா என்கிறார்கள். தினமும் கதை வேண்டும், நாளையும் வேண்டும், அடுத்த வருடமும் வேண்டும். கதை முடிந்துவிட்டால் விளம்பரமும் முடிந்துவிடும். முடிக்கக் கூடாத கதையைத் தினமும் எழுதச் சொன்னால் யார்தான் தடுமாறாமல் இருப்பார்கள்?

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒரு திரைப்படம் மாதக்கணக்கில் எடுக்கும் நீளத்தை ஒரு தினத்தொடர் சில நாட்களில் எடுத்துவிடும். ஒத்திகைக்கு நேரம் இருக்காது. வசனம் காலையில்தான் கைக்கு வரும். அந்த வேகத்திலும் ஒருவர் உண்மையாகக் கண் கலங்கி நடித்துவிடுகிறார் பாருங்கள், அதைப் பார்க்கத்தான் நான் உட்காருகிறேன்.

ராஸி விருது மாதிரியா?

இல்லை. கோல்டன் ராஸ்பெர்ரி என்னும் ராஸி விருதுகள் 1981ல் தொடங்கின. ஒவ்வொரு வருடமும் மிக மோசமான திரைப்படங்களையும் நடிப்பையும் தேர்ந்தெடுத்து அறிவிப்பார்கள். அதில் எனக்குப் பிடித்த நாள் ஒன்று உண்டு. 2005ல் ஹாலி பெர்ரி, மோசமான நடிகை என்ற விருதை வாங்க நேரிலேயே மேடைக்கு வந்தார். ஒரு கையில் அந்த விருது, மறு கையில் முன்பு வாங்கிய ஆஸ்கர். அந்தப் பெருந்தன்மை அவருடையது. விருதின் நோக்கம் என்னவோ குத்திக்காட்டுவதுதான்.

நான் கொடுப்பது நேர்மாறானது. ஒரு காட்சி என்னை வாய்விட்டுச் சிரிக்க வைத்தது என்றால், அந்தச் சிரிப்புக்கு நன்றி சொல்லத்தான் விருது. அந்த நடிகர் எதிரில் வந்து நின்றால் கூச்சமில்லாமல் கையில் கொடுக்க முடிய வேண்டும். கொடுக்க முடியாது என்று தோன்றினால் அந்த விருதை நோட்டிலிருந்து அடித்துவிடுவேன்.

எதற்கெல்லாம் விருது கொடுக்கக் கூடாது?

உடல், தோற்றம், வயது, குரல், உச்சரிப்பு. இவை ஒருவர் விரும்பித் தேர்ந்தெடுத்தவை அல்ல.

ராஸி அமைப்பே இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. 2022ல் நடிகர் ப்ரூஸ் வில்லிஸ் ஒருவருக்காகவே ஒரு தனிப் பிரிவு வைத்து விருதும் அறிவித்தார்கள். சில நாட்களில், பேச்சையும் மொழியையும் பாதிக்கும் அஃபேசியா அவருக்கு இருப்பதாகக் குடும்பம் அறிவித்தது. விருதைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த வருடம் 12 வயதுச் சிறுமி ஒருவரின் பெயரை மோசமான நடிகை பட்டியலில் சேர்த்துக் கண்டனம் கிளம்பியது. அதையும் நீக்கிவிட்டு, இனி 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பரிந்துரைப்பதில்லை என்று விதி வைத்தார்கள்.

குழந்தைகளுக்கு என் நோட்டில் பாராட்டு மட்டும்தான். அழுகிற காட்சியில் கைக்குழந்தை சிரித்துவிட்டால் அது குழந்தையின் வெற்றி.

பிரிவுகளை எப்படி முடிவு செய்வது? சிறந்த நடிகர், சிறந்த நடிகை என்று வைத்தால் போதுமா?

வைக்காதீர்கள். அப்படி வைத்தால் கதாநாயகிக்கும் வில்லிக்குமே வருடா வருடம் போகும். காட்சி முதலில், பிரிவு அப்புறம். ஏதோ ஒன்று நடந்து நீங்கள் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டீர்கள் அல்லவா? அதற்கு ஒரு பெயர் வையுங்கள். அதுதான் பிரிவு. ‘சாத்தாத கதவு விருது’ என் நோட்டில் அப்படி வந்ததுதான். எங்கள் தொடரில் ரகசியம் பேசும் யாரும் கதவைச் சாத்தியதே இல்லை. ஒரு முறை வில்லி மிகக் கவனமாகக் கதவைச் சாத்தித் தாழும் போட்டாள். நான் அசந்துபோனேன். ஜன்னல் திறந்திருந்தது.

ஒரே ஒரு கட்டாயம்: விருதுக்குப் பக்கத்தில் எபிசோடும் காட்சியும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘எப்பப் பாரு அழுகாச்சி’ என்று பொதுவாகச் சொல்வது எல்லாருக்கும் வரும். எந்த அழுகை, யார் எதிரில், எந்தச் சொல் கேட்ட பிறகு என்று சொல்ல வேண்டுமானால் பார்த்திருக்க வேண்டும்.

‘இவருக்குப் பதில் இவர்’ விருது என்றால் என்ன?

நடிகர் மாறும்போது திரையில் ஒரு வரி வருமே, அதுதான் விருதின் பெயர். நேற்று வரை அண்ணனாக இருந்தவர் இன்று இல்லை. வேறொருவர் அதே சட்டையில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எல்லாரும் அவரைப் பார்த்து ‘என்ன அண்ணா, ஒரு மாதிரி இருக்கீங்க?’ என்று கேட்கிறார்கள்.

விருது புதிதாக வந்தவருக்குப் போகும் என்று நினைப்பீர்கள். நான் மற்றவர்களைத்தான் பார்ப்பேன். முன்பின் பழக்கமில்லாத ஒருவரை, பல வருட உறவு இருப்பதுபோல் தோளில் கை போட்டுப் பேச வேண்டும். மூன்றாவது வருடம் எங்கள் தொடரில் அப்பா மாறினார். மகளாக நடித்த குழந்தை ஓடி வந்து அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஓடி வந்தாள். ஓர் எட்டு தூரத்தில் நின்றாள். அரை நொடி இருக்கும். அப்புறம் ‘அப்பா’ என்று கட்டிக்கொண்டாள். திரும்ப எடுக்க நேரமில்லாமல் அந்தக் காட்சியை அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்த அரை நொடிக்குத்தான் அந்த வருட விருது. கதையில் அந்த அப்பா வெளியூரிலிருந்து வெகுநாள் கழித்துத் திரும்புகிறார், ஆகவே தயக்கம் அத்தனை பொருத்தமாக இருந்தது. வசனம் எழுதியவர்கூட அதை யோசித்திருக்க மாட்டார்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது ‘மாடி ஏறி வளர்ந்த பிள்ளை’ விருது. மாடிக்குப் போன குழந்தை சில வாரத்தில் வாலிபனாக இறங்கி வருவான். உலகம் முழுக்க இது உண்டு. அமெரிக்க ரசிகர்கள் இதற்கு ஒரு நோய்ப் பெயரே வைத்து ‘சோராஸ்’ என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். தொடர்நாடகத்தில் வரும் அதிவேக வயதேற்ற நோய் என்று பொருள். காரணம் எளிது: பச்சைக் குழந்தைக்குக் கதை எழுத முடியாது, காதலிக்கும் வயது வந்தால்தான் எழுத முடியும்.

கோமாவுக்கு ஏன் தனிப் பிரிவு?

கோமா இல்லாமல் நெடுந்தொடர் நடக்காது. ஒரு நடிகருக்கு விடுப்பு வேண்டும், அல்லது சம்பளப் பேச்சு இழுக்கிறது, அல்லது ஒரு ரகசியம் அவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. அவரைக் கொல்லவும் கூடாது, பேச விடவும் கூடாது. வேறு என்ன வழி?

இதை மருத்துவர்களே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். 2005ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. பத்தாண்டு கால அமெரிக்கப் பகல் தொடர்களை எடுத்து, கோமாவில் விழுந்த 64 கதாபாத்திரங்களைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 89 சதவீதம் பேர் முழுமையாகக் குணமானார்கள். நிஜ மருத்துவமனைகளில் இதற்குப் பக்கத்தில்கூட வராது. உண்மையான கோமாவிலிருந்து எழுபவர் மெல்ல மெல்லத்தான் மீள்வார். தசைகள் தளர்ந்திருக்கும், பேச்சும் நடையும் திரும்பக் கற்க வேண்டியிருக்கும். அந்த ஆய்வாளர்களின் கவலையும் நியாயமானது: சொந்தக்காரர் ஒருவர் அப்படிக் கிடக்கும்போது, குடும்பத்தினர் தொடரில் பார்த்ததை வைத்து நம்பிக்கை வளர்த்துக்கொள்ளக் கூடும்.

அதனால் இந்தப் பிரிவில் மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பு. விருது, எழுந்தவுடன் எழுந்து நடக்காதவருக்கு. எங்கள் தொடரில் ஆறு வருடத்தில் ஐந்து கோமா. நான்கு பேர் கண் திறந்ததும் குற்றவாளியைச் சுட்டிக்காட்டினார்கள். ஒருவர் மட்டும் தண்ணீர் கேட்டார், குரல் வரவில்லை, அடுத்த எபிசோடிலும் சரியாக வரவில்லை. அவருக்குக் கொடுத்தேன்.

நினைவு மறதிக்கும் இதே கண்டிப்புதான். தலையில் அடிபட்டால் பெரும்பாலும் விபத்தை ஒட்டிய நேரம்தான் மறக்கும். தன் பெயரும் குடும்பமும் அடியோடு அழிந்துபோவது மிக அபூர்வம். இரண்டாம் தடவை அடிபட்டால் நினைவு திரும்பாது, காயம்தான் கூடும்.

செத்தவர் திரும்பி வந்தால் யாருக்கு விருது?

எப்படித் திரும்பினார் என்பதற்கு. இந்தத் துறையில் தாண்ட முடியாத உயரம் ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தொடரான ‘டல்லாஸ்’, 1985ல் பாபி என்ற முக்கியக் கதாபாத்திரத்தைக் கொன்றது. நடிகர் பேட்ரிக் டஃபி தொடரை விட்டு விலகியிருந்தார். ஒரு வருடம் போனது. அவரைத் திரும்பக் கூட்டிவர முடிவு செய்தார்கள். 1986ல் அவருடைய முன்னாள் மனைவி குளியலறைக் கதவைத் திறக்கிறாள், பாபி உள்ளே குளித்துக்கொண்டிருக்கிறார். இடையில் ஓடிய ஒரு முழுப் பருவமும் அவள் கண்ட கனவு என்று விளக்கம் சொன்னார்கள். அந்த ஒரு வருடத்தில் நடந்த கல்யாணம், சண்டை, மரணம் எல்லாமே நடக்கவில்லை!

பலர் இதை ஏமாற்று என்றார்கள். எனக்கு அதன் துணிச்சல் பிடிக்கும். பிணம் வேறொருவருடையது, இரட்டைப் பிறவி, முக அறுவை சிகிச்சை என்று நூறு சின்னப் பொய் சொல்வதற்கு ஒரே ஒரு பெரிய பொய் மேல். எங்கள் தொடர் சின்னப் பொய் பக்கம்தான். நான்காம் வருடம் இறந்த சித்தப்பா ஐந்தாம் வருடம் இரட்டைச் சகோதரராக வந்தார். வீடே யாரென்று தெரியாமல் இரண்டு மாதம் தவித்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் கைரேகை வேறு வேறாகத்தான் இருக்கும் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் இரண்டே நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அந்த நடிகர் ஒரு வேலை செய்தார். பழைய சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பார், புதியவர் ஒரு தடவைகூடத் துடைக்கவில்லை. யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்குக் கொடுத்தேன்.

இறந்து இறந்து திரும்புவதைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 1997ல் அதே மருத்துவ இதழில், பிரிட்டிஷ் தொடர்களின் கதாபாத்திரங்கள் எவ்வளவு சாகிறார்கள் என்று கணக்கெடுத்த கட்டுரை வந்தது. வெடிகுண்டு செயலிழக்கச் செய்பவர்களையும் கார்ப் பந்தய ஓட்டுநர்களையும்விட அவர்களுக்கு ஆபத்து அதிகமாம். எங்கள் தொடரில் அந்த ஆபத்து முழுவதும் படிக்கட்டில்தான் இருந்தது. அதற்கு ‘உழைத்த படிக்கட்டு’ என்று இரண்டு முறை விருது கொடுத்தேன்.

வில்லி தனியாக நின்று திட்டத்தைச் சத்தமாகச் சொல்கிறாளே, அதை எப்படி மதிப்பிடுவது?

மரியாதையோடு. வானொலியிலிருந்து வந்த வடிவம் இது. அங்கே முகம் தெரியாது. மனதில் ஓடுவதை வாயால் சொன்னால்தான் கேட்பவருக்குத் தெரியும். படம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பார்ப்பவர்களில் பலர் வேறு வேலை செய்துகொண்டே காதால்தான் தொடர்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். வேறொரு அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பவருக்கும் சதி புரிய வேண்டாமா?

எங்கள் வில்லி, எதிரில் யாருமே இல்லாமல் ஒருவரிடம் பேசுவதுபோல் இயல்பாகப் பேசுவாள். இடையில் நிறுத்தி, தன் திட்டத்தில் தானே ஒரு ஓட்டை கண்டுபிடித்து, ‘இல்லையில்லை, அப்படிச் செய்தால் மாட்டிக்குவேன்’ என்று திருத்திக்கொள்வாள். மூன்று வருடம் ‘தன்னோடு பேசும் திறன்’ விருது அவளுக்குத்தான்.

ஒரே ஆள் வருடா வருடம் ஜெயித்தால் சலிக்காதா?

சலிக்காது. ஜெயிக்காமலே இருந்தால்தான் கஷ்டம். அமெரிக்கப் பகல் தொடர்களுக்கான எம்மி விருதுகள் 1974ல் தொடங்கின. ‘ஆல் மை சில்ட்ரன்’ தொடரில் எரிக்கா கேன் என்ற பாத்திரத்தில் நடித்த சூசன் லூச்சி 1978ல் முதல் முறை பரிந்துரைக்கப்பட்டார். கிடைக்கவில்லை. அப்புறமும் கிடைக்கவில்லை. 18 முறை தோற்ற பிறகு, 19வது முறையாக 1999ல் கிடைத்தது. பெயர் அறிவித்ததும் அரங்கமே எழுந்து நின்று நெடுநேரம் கை தட்டியது.

ஆகவே என் நோட்டின் பின்பக்கத்தில் ‘இன்னும் கொடுக்கவில்லை’ என்று ஒரு பட்டியல் உண்டு. யாரையாவது தொடர்ந்து தவறவிடுகிறேனா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பேன்.

மைக் தெரிகிறது, சுவர் ஆடுகிறது. இதற்கெல்லாம் விருது உண்டா?

உண்டு, ஆனால் சின்னது. 1966 முதல் 1971 வரை ‘டார்க் ஷேடோஸ்’ என்று ரத்தக் காட்டேரியை வைத்து ஒரு அமெரிக்கப் பகல் தொடர் ஓடியது. நேரலைபோல் ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். டேப்பை வெட்டி ஒட்டுவது அப்போது செலவும் சிரமமும் பிடித்த வேலை. அதனால் வசனம் மறந்த இடமும், மைக்கின் நிழலும் அப்படியே ஒளிபரப்பானது. அந்தத் தவறுகளுக்காகவே அதை நேசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தவறு நடந்த பிறகும் நடிகர் நிற்காமல் தொடர்ந்தாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

எங்கள் தொடரின் நீலப் பூச்சாடிக்கு ஒரு வருடம் ‘சிறந்த பொருள்’ விருது போனது. மூன்று முறை கோபத்தில் உடைக்கப்பட்டு, மூன்று முறையும் மறுநாள் அதே மேசையில் இருந்தது.

‘நீண்ட பார்வை’ விருதுக்குக் கடிகாரம் வேண்டுமாமே?

ஆமாம், நிறுத்துக் கடிகாரம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஒரு அதிர்ச்சிச் செய்தி வருகிறது. கேமரா ஒவ்வொரு முகமாகப் போய் நிற்கிறது. இடி மாதிரி ஓர் ஓசை. மறுபடி முதல் முகத்திலிருந்து. பிரிட்டனில் ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ என்ற தொடர் 1985லிருந்து கிட்டத்தட்ட ஒவ்வொரு எபிசோடின் முடிவையும் ஒரு முரசொலியால் குத்தி நிறுத்துகிறது. அங்கே அந்த ஓசையே பேச்சு வழக்கில் கலந்துவிட்டது. ஆனால் அது ஒரே முறைதான் அடிக்கும். எங்கள் தொடரில் முகத்துக்கு ஒன்று அடிக்கும்.

என் நோட்டில் உள்ள உச்சம் 2 நிமிடம் 40 நொடி. ‘அவர் உயிரோடு இருக்கிறார்’ என்ற ஒற்றை வரிக்கு. பதினோரு முகம், இரண்டு சுற்று. விளையாட்டாகத்தான் நேரம் குறிக்க ஆரம்பித்தேன். அப்புறம் ஒன்று புரிந்தது. வசனம் இல்லாமல், நகராமல், எதிரில் யாரும் இல்லாமல், ஒரு கேமராவை மட்டும் பார்த்துக்கொண்டு அத்தனை நொடி ஒரு உணர்ச்சியைப் பிடித்து நிற்பது லேசான காரியம் இல்லை. நீங்களே கண்ணாடி முன்னால் பத்து நொடி அதிர்ச்சியாக நின்று பாருங்கள், முகம் நான்காவது நொடியில் நழுவிவிடும்.

வீட்டில் கருத்து ஒத்துப்போகாவிட்டால்?

காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு விருது கொடுங்கள்.

உண்மையிலேயே நல்ல காட்சி வந்துவிட்டால் என்ன செய்வது?

நோட்டில் தனிப் பக்கம் வைத்திருக்கிறேன். அதில் வேடிக்கைப் பெயர் எதுவும் வைப்பதில்லை, தேதியும் காட்சியும் மட்டும். ஐந்தாம் வருடம் மாமியாரும் மருமகளும் மின்சாரம் போன அறையில் உட்கார்ந்து ஒரு முழு எபிசோடும் பேசிக்கொண்டார்கள். பின்னணி இசை இல்லை, இடி இல்லை, பழைய காட்சி எதுவும் நடுவில் வரவில்லை. அன்றைக்கு வேறு செட் கிடைக்காமல் இருந்திருக்கலாம். எதுவாகவும் இருக்கட்டும். அந்த 20 நிமிடம் நான் பார்த்த எந்த நல்ல படத்துக்கும் குறைந்ததில்லை. இதுமாதிரி ஆறு வருடத்தில் ஒன்பது குறிப்பு இருக்கிறது. ஒன்பதுதானா என்று கேட்டவர்கள் உண்டு. இத்தனை அவசரத்தில் ஒன்பது வந்ததே என்று நான் சொல்வேன்.

தொடர் முடிந்துவிட்டால் விருதும் முடிந்துவிடுமா?

முடிந்துவிடும், வருத்தமாகத்தான் இருக்கும். ‘கைடிங் லைட்’ என்ற அமெரிக்கத் தொடர் 1937ல் வானொலியில் தொடங்கி, 1952ல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009ல் முடிந்தது. 72 வருடம். அம்மாவும் மகளும் பேத்தியும் பார்த்த ஒரே கதை. பிரிட்டனின் ‘கோரனேஷன் ஸ்ட்ரீட்’ 1960ல் தொடங்கியது, முதல் எபிசோடில் வந்த வில்லியம் ரோச் பல பத்தாண்டுகளாக அதே பாத்திரத்தில் நடித்துவருகிறார். அவர்களோடு ஒப்பிட்டால் என் ஆறு வருடம் சின்னது. ஆனாலும் கடைசி ‘தொடரும்’ வராமல் ‘முற்றும்’ வந்த அன்று, மறுநாள் அதே நேரத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தொடர் முடிந்த வருடம் ஒரு கூடுதல் விருது கொடுங்கள். வாழ்நாள் சாதனை.

உங்கள் வாழ்நாள் சாதனை விருது யாருக்குப் போனது?

எல்லாரும் வில்லி என்று நினைத்தார்கள். கதாநாயகியின் பெயரைச் சொன்னவர்களும் உண்டு.

அந்தப் பெரிய வீட்டில் வேலை பார்ப்பவராக ஓர் அம்மா வருவார். கையில் எப்போதும் தண்ணீர்த் தட்டு. சண்டை நடக்கும்போது வாசலோரம் நிற்பார். ஆறு வருடத்தில் நான் குறித்துவைத்த அளவில் அவருக்கு நான்கு வரி வசனம். அதில் இரண்டு ‘சரிங்க’. அந்த 2 நிமிடம் 40 நொடிக் காட்சியில் கேமரா அவரிடம் நிற்கவில்லை. எட்டாவது முகத்திலிருந்து ஒன்பதாவதுக்குப் போகும்போது அவரைக் கடந்துதான் போனது. அத்தனை பேரும் அதிர்ச்சியில் உறைந்து நிற்க, அவர் மட்டும் சந்தோஷப்பட்டிருந்தார். யோசித்துப் பாருங்கள், செத்ததாக நினைத்தவர் உயிரோடு இருக்கிறார் என்றால் சந்தோஷம்தானே வர வேண்டும்? அவருக்கு மட்டும்தான் அது தோன்றியிருக்கிறது.

அதற்கப்புறம் பழைய எபிசோடுகளைத் திரும்பப் போட்டு அவரை மட்டும் பார்த்தேன். ஒரு மரணத்தில் தட்டைக் கீழே வைத்திருந்தார். புது அப்பா வந்த அன்று அந்தக் குழந்தையை முதுகில் லேசாகத் தொட்டு முன்னால் அனுப்பியது அவர் கைதான். முதல் தடவை பார்த்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அவர் பெயரைச் சான்றிதழில் எழுத எவ்வளவோ முயன்றேன். எழுத்துகள் ஓடும் வேகத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் எது அவர் பெயர் என்று பிடிபடவில்லை. கடைசியில் ‘தட்டோடு நிற்கும் அம்மா’ என்று எழுதினேன். எந்த எபிசோட், எந்தக் காட்சி என்று குறிக்க வேண்டும் என்பது என் விதி அல்லவா? அந்த ஒரு சான்றிதழில் மட்டும் இடம் போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியிருந்தது. கடைசிக் குறிப்பு, இறுதி எபிசோடின் இறுதிக் காட்சி: எல்லாரும் குடும்பப் படம் எடுத்துக்கொள்ள வெளியே போகிறார்கள், அவர் தட்டை மேசையில் வைத்துவிட்டு, நீலப் பூச்சாடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்துவிட்டுப் போகிறார்.